சிமெண்டை உரித்த வருஷம்

என் கணவருடைய அப்பாயி கடைசிவரை இருந்த வீடு அது. கும்பகோணத்திலிருந்து அரசலாற்றை ஒட்டிப் போனால் வரும் ஒரு கிராமம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை, அதற்கப்புறம் கொல்லை என்று நீளமாகப் போகும் ஓட்டு வீடு. அப்பாயி போன பிறகு 6 வருஷம் பூட்டியே கிடந்தது. 2022 தை மாதம் நாங்கள் பூட்டைத் திறந்தபோது மகளுக்கு 5 வயது, மகனுக்கு 10 மாதம். பங்காளிகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது, பட்டா மாற்றியது எல்லாம் தனிக் கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்புக்கு மேல் வரை ஈரம் ஏறியிருந்தது. பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கையால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. அன்றைக்கே கணவர் டேப்பை வைத்து அளந்து, பக்கத்தில் இருந்த வாசல் நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு தேதி எழுதினார். 44 அங்குலம்.

முதலில் வந்து பார்த்த பொறியாளர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்றார். சதுர அடிக்கு ரூ.2,300 ஆகும் என்றார். எங்கள் கையில் இருந்ததே 6 லட்சம் சொச்சம். அடுத்து வந்த ஒப்பந்தக்காரர், ஈரம் தெரியாமல் சிமெண்ட் பூசி அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். அதற்குக் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டோம். முன்பணம் கொடுக்க இருந்த வாரத்தில்தான் பக்கத்து ஊர் மேஸ்திரி தாத்தா வந்தார். 70 வயதைத் தாண்டியவர், இளவயதில் கோயில் வேலைகளில் சுண்ணாம்புச் சாந்து பூசியவர். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “உள்ள செவுரு நல்லாத்தான் இருக்கு பாப்பா. மேல பூசினதுதான் அதை அழுக வச்சிருக்கு.”

அந்தச் சுவர் ஒன்றரை அடி கனம். மெல்லிசான பழைய செங்கல், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. இப்படிக் கட்டிய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், சுண்ணாம்பு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். சுமார் 20 வருஷத்துக்கு முன்னால், வீடு ‘பலமாக’ இருக்கட்டும் என்று நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அப்போதிலிருந்து ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. உள்ளேயே மேலே மேலே ஏறியிருக்கிறது. முற்றத்துக்கு மேலே தகர ஷீட் போட்டு மூடியதும், தரையில் டைல்ஸ் ஒட்டியதும் அதே காலத்து வேலை. ஆக நாங்கள் அந்த வருஷம் செய்ததில் பாதி, அப்போது செய்ததைக் கழற்றியதுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மேஸ்திரி தாத்தா சொன்ன வரிசை எளிமையானது. முதலில் கூரை, அப்புறம் தண்ணீர் போகும் வழி, அப்புறம் சுவர், கடைசியில் தரை. ஐப்பசி அடைமழைக்குள் முதல் மூன்றும் முடிந்தாக வேண்டும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும்தான். மகனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போவோம். தாத்தாவுக்கு அந்த நாட்களுக்குக் கூலி கொடுத்தோம். அவர் கற்றுக்கொடுப்பார், நாங்கள் செய்வோம். கடினமான இடத்தில் மட்டும் அவர் கரணையைப் பிடிப்பார்.

முற்றத்துத் தகரத்தை எடுத்த அன்று கூடத்தில் விழுந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். கூடத்துக்கு மேலே ஆலையில் செய்த சீமை ஓடு, தாழ்வாரத்துக்குக் கையால் செய்த நாட்டு ஓடு. சீமை ஓடுகள் சிலவற்றின் அடியில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருந்தன. வீடு அவ்வளவு பழசா என்று மகள் கேட்டாள். மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது, வீடு கட்டியது பிறகுதான். இருந்தாலும் அந்த ஓடுகளை எடுத்து முன்பக்கச் சரிவிலேயே வைத்தோம். நாட்டு ஓட்டில் கால்வாசி உடைந்திருந்தது. புதிதாகச் செய்பவர்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் பழைய வீடு இடிக்கும் இடங்களில் கேட்டு வாங்கினோம். அங்கே நல்ல ஓடுகளைப் பொறுக்கி எடுக்கும்போது மனசு கனத்தது. அந்த வீடுகளும் எங்கள் வீடு மாதிரித்தான் இருந்தன.

கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகளில் இரண்டைச் சுவரில் உட்காரும் முனையில் கரையான் குடைந்திருந்தது. மேலே பார்த்தால் தெரியவே இல்லை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. மரக் கூரை உள்ளவர்கள் எல்லாரும் அந்த முனைகளைக் குத்திப் பார்த்துவிடுங்கள். மற்ற மரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். கரையான் அண்டாது, ஆனால் தோலை வேகவைத்துவிடும். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே பட்ட இடத்தில் கணவருக்குக் கொப்புளம் வந்து ஆற 2 வாரம் ஆனது. முழுக்கைச் சட்டை, நீளமான கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

முற்றத்தின் மூலைகளில் இரண்டு சரிவுகள் கூடும் கூடுவாய்தான் ஒழுகலுக்குப் பிறந்த இடம். அங்கே மட்டும் பழைய தகரத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அகலமான தகரம் வளைத்துப் போட்டோம்.

தண்ணீர் போகும் வழியைத் தேடியபோதுதான் இன்னொன்று புரிந்தது. திண்ணைக்கு ஏற 4 படி இருந்ததாகக் கணவருக்கு ஞாபகம். இப்போது ஒரு படிதான் தெரிகிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில் இருக்கிறது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மண் சாந்துச் சுவரை வைத்துக்கொண்டு அந்த யோசனைக்கு நாங்கள் போகவில்லை. திண்ணையை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி தோண்டி, ஓட்டை போட்ட குழாய் வைத்து, சல்லியால் நிரப்பி, தண்ணீரைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் ஜலதாரை மண்ணால் அடைத்துக் கிடந்தது. அதைக் குடைந்து சுத்தம் செய்ய முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். கொல்லையில் நின்ற மகள் “வருது, வருது” என்று கத்தினாள்.

சுண்ணாம்புக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், மிகவும் தவறு செய்ததும் இதில்தான்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வந்து நீற்ற வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். உலைநீர் மாதிரி கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்பதால் அன்று குழந்தைகளைக் கூட்டி வரவில்லை, நாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டோம். ஆறிய பிறகு சல்லடையில் வடித்து, காற்றுப் படாமல் மேலே தண்ணீர் நிற்கும்படி ஊறவிட வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெயாகும். நாங்கள் கூரை முடிந்த பிறகு, சித்திரையில்தான் நீற்றினோம். 25 நாள்தான் ஊறியது. வேலை தொடங்கும் முதல் நாளே நீற்றிப் போட்டிருக்க வேண்டும், மூன்று மாதம் சும்மா கிடைத்திருக்கும். ஒரு டிரம்மில் உடைத்த கடுக்காயும் வெல்லமும் 12 நாள் ஊறின. கொல்லை முழுக்கப் புளித்த வாடை. அந்தத் தண்ணீரை விட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று குழைத்தோம்.

அதற்குள் உளியும் சுத்தியும் வைத்து சிமெண்டை உரித்திருந்தோம். கீழ்ப் பகுதியில் செங்கல் ஈரமாக, கரும்பழுப்பாக இருந்தது. குறைந்தது ஒரு மாதமாவது இப்படியே திறந்து கிடக்கட்டும் என்றார் தாத்தா. வைகாசியில் அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம், எங்களுக்குப் பொறுமை இல்லை. முற்றத்து வெயில் படும் மேற்குச் சுவரை நாங்களே பூசினோம். சுவரை நனைக்கவில்லை. முதல் பூச்சுக்கு 3 நாள்தான் விட்டோம். இரண்டாவது பூச்சை ஒரு அங்குலக் கனத்துக்கு அப்பினோம். அடுத்த வாரம் வந்தபோது சுவர் முழுக்க வலை மாதிரி வெடிப்பு. தட்டினால் பொத்துப் பொத்தென்று விழுந்தது. நான் அழுதுவிட்டேன். மூன்று நாள் உழைப்பு அது.

தாத்தா வந்து பார்த்தார். திட்டவில்லை. சுண்ணாம்பு தண்ணீர் வற்றுவதால் இறுகுவதில்லை, காற்றை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும் என்று விளக்கினார். நான் பள்ளியில் படித்த கரியமில வாயுப் பாடம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. திரும்ப உரித்தோம். சுவரை இரண்டு நாள் நனைத்தோம். அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். வார நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கப் பக்கத்து வீட்டு அக்கா உதவினார். 10 நாள் கழித்து அடுத்த பூச்சு. அந்தச் சுவர் இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. மேலே பெயிண்ட் அடிக்கவில்லை. வடிகட்டிய சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து மூன்று கோட் அடித்தோம்.

வயரிங்கை நாங்கள் தொடவில்லை, உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்தார். வீட்டில் எர்த்தே இல்லாமல் இருந்தது. புதிதாக எர்த் போட்டு, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைத்தோம். மண் சாந்துச் சுவரில் பள்ளம் வெட்ட வேண்டாம் என்று குழாயை வெளியே தெரியும்படியே ஓட்டச் சொன்னோம்.

தரையில் டைல்ஸைப் பெயர்த்தால் கீழே அப்பாயி காலத்துச் சிவப்புத் தரை. பல இடத்தில் கொத்தப்பட்டுப் புண்ணாகக் கிடந்தது. அதை அப்படியே ஒட்டுப்போட்டு, தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறோம். ஒட்டுகளின் நிறம் சேரவில்லை. இருக்கட்டும்.

ஐப்பசியில் குடி வந்தோம். முதல் பெருமழை ராத்திரி பிடித்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தோம். கூடுவாய் ஒன்றில் மட்டும் சொட்டியது, விடிந்ததும் கணவர் ஏறிச் சரிசெய்தார். திண்ணைப் பக்கம் தண்ணீர் நிற்கவில்லை.

ஈரத்தின் உயரத்தைக் குறிக்கும் அந்த வாசல் நிலையில் இப்போது நிறையக் கோடுகள். ஆடியில் 30 அங்குலம், புரட்டாசியில் 19. கார்த்திகை மழையில் 24-க்கு ஏறியபோது பயந்துவிட்டோம். அடுத்த தையில் 16. மாதக் கோட்டை இப்போது மகள்தான் போடுகிறாள், தேதியும் அவளே எழுதுகிறாள். அடுக்களைச் சுவரில் இன்னும் சிமெண்ட் இருக்கிறது. அதற்கான சுண்ணாம்பை கொல்லைத் தொட்டியில் நீற்றிப் போட்டு இந்த வாரத்தோடு 4 மாதம் ஆகிறது.