யுஎஸ்பி சாதன டிரைவர்: பரிமாற்ற முடிவைச் சரிசெய்தது

லினக்ஸ் கேட்ஜெட் அடுக்குக்கான (லினக்ஸ் ஓடும் கருவியையே யுஎஸ்பி சாதனமாக்கும் பகுதி) கன்ட்ரோலர் டிரைவர். எனுமரேஷன், அதாவது ஹோஸ்ட் (எதிர்முனைக் கணினி) சாதனத்தை அடையாளம் காணும் கட்டம், சுத்தமாக முடிகிறது. மாஸ் ஸ்டோரேஜ் (சேமிப்பகமாக இயங்கும் முறை) மட்டும் முதல் கட்டளையிலேயே தொங்கிவிடுகிறது. எண்ட்பாயிண்ட் 0 (கட்டுப்பாட்டு வழி) ஓடி, பல்க் (மொத்தத் தரவு வழி) மட்டும் நின்றால் வன்பொருளைச் சந்தேகிக்கும் முன் கம்ப்ளீஷன் பகுதியை (பரிமாற்ற முடிவைக் கையாளும் நிரல்) பார்ப்பது நல்லது.

ஹோஸ்ட் அனுப்பும் கட்டளை உறை 31 பைட். அதற்காகக் காத்திருக்கும் ரிக்வெஸ்டின் (ஒரு பரிமாற்றத்துக்கான கோரிக்கை) நீளம் 512 பைட். ஹை ஸ்பீடில் பல்க் பாக்கெட்டின் உச்ச அளவும் அதுதான். வந்த அளவு நீளத்தை எட்டினால்தான் முடிவு என்று நிரல் காத்திருந்தது. 31 எப்போது 512 ஆவது? அவுட் திசையில் (ஹோஸ்டிலிருந்து சாதனத்துக்கு) உச்ச அளவுக்குக் குறைந்த பாக்கெட் வந்தாலே பரிமாற்றம் முடிந்தது. வந்த பைட் எண்ணிக்கையை, ஃபிஃபோவை (கன்ட்ரோலரின் தற்காலிக நினைவகம்) விடுவிக்கும் முன்பே படித்து வைக்க வேண்டும்.

இன் திசையில் (சாதனத்திலிருந்து ஹோஸ்டுக்கு) சிக்கல் வேறு. டிஎம்ஏ (செயலியின்றி வன்பொருளே நினைவகத்தை அணுகுவது) இன்டரப்ட் வந்தால் தரவு ஃபிஃபோவுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஹோஸ்ட் அதை வாங்கிக்கொண்டதாக அர்த்தமில்லை. 1024 பைட் ரிக்வெஸ்டில் ஜீரோ கொடி இருந்தால் இரண்டு முழுப் பாக்கெட்டுக்குப் பிறகு ஒரு வெற்றுப் பாக்கெட்டும் போக வேண்டும். நீளமே 0 என்றால் ஒரு வெற்றுப் பாக்கெட்டே போதும். நீளத்தை உச்ச அளவால் வகுத்து மீதி கணக்கிடும் வரி இங்கே கவனிக்காவிட்டால் இரண்டாக அனுப்பிவிடும்.

அதிக வேலை வாங்கியது, முடிந்த ரிக்வெஸ்டைத் திருப்பிக் கொடுக்கும் வரிசைமுறை. முதலில் பட்டியலிலிருந்து கழற்று, நிலை இன்னும் -115 (நடந்துகொண்டிருக்கிறது) ஆக இருந்தால் மட்டும் புதிய நிலையை எழுது, டிஎம்ஏ மேப்பிங்கை (வன்பொருளுக்குக் கொடுத்த நினைவக இணைப்பு) நீக்கு, ஸ்பின்லாக் பூட்டை விடு, அதன்பின் கால்பேக் (ரிக்வெஸ்டைத் தந்த நிரலின் முடிவுச் செயற்கூறு), பிறகு மறுபடி பூட்டு. கால்பேக்குகள் அதே ரிக்வெஸ்டை உடனே மீண்டும் வரிசையில் போடும். பூட்டைப் பிடித்தபடி கூப்பிட்டால் டெட்லாக் (பூட்டுக்காகக் காத்தே நின்றுவிடும் முடக்கம்). மேப்பிங்கை நீக்காமல் கூப்பிட்டால் கேஷில் கிடக்கும் பழைய தரவு படிக்கப்படும். எக்ஸ்86-இல் இது பொதுவாகத் தெரியவே தெரியாது, ஆர்ம் பலகையில்தான் வெளிப்படும்.

எண்ட்பாயிண்டை முடக்கும்போது காத்திருக்கும் ரிக்வெஸ்டுகள் எல்லாம் -108 (முடக்கப்பட்டது) உடன் திரும்ப வேண்டும். பட்டியலைச் சுற்றிவரும் 'பாதுகாப்பான' லிஸ்ட் மேக்ரோ இங்கே பாதுகாப்பில்லை: பூட்டு விடுபட்ட இடைவெளியில், அது சேமித்து வைத்த அடுத்த உறுப்பே காணாமல் போகலாம். பட்டியல் காலியாகும்வரை முதல் உறுப்பையே எடுப்பதுதான் சரி. டீக்யூவில் (ரிக்வெஸ்டை இடையில் ரத்து செய்யும்போது) நிலை -104. ஆனால் டிஎம்ஏவை நிறுத்திய பிறகே திருப்ப வேண்டும், இல்லையேல் விடுவித்த நினைவகத்தில் வன்பொருள் எழுதும்.

சோதனைக்குச் சாதனத்தில் ஜீரோ கேட்ஜெட், ஹோஸ்டில் டெஸ்ட்யுஎஸ்பி கருவி. அதன் சோதனை எண்கள் 1, 2 வெறும் பல்க். நீளத்தை மாற்றி மாற்றி அனுப்பும் 3, 4 தான் குறும்பாக்கெட் பிழைகளைப் பிடிக்கும். ஓடும்போதே கேபிளைப் பிடுங்குவதும் அவசியம். ஐசோக்ரோனஸ் (நேரம் தவறாத பரிமாற்றம்) பாக்கி.