பத்திரங்களுக்குள் ஒரு தெரு

கடலூர் முதுநகரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் வரும், போகும். மனசில் நிற்பது பழைய கிரயப் பத்திரங்கள்தான். பாகப்பிரிவினை, பேங்க் கடன் என்று ஏதாவது வந்தால் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வருவார்கள். மஞ்சள் பைக்குள் ஒரு வேட்டித் துணி, அதற்குள் பத்திரம். மேலே ஜார்ஜ் மன்னர் தலை, கீழே ‘தென்னாற்காடு ஜில்லா’. 1993-ல் இரண்டாகப் பிரிந்த ஜில்லா அந்தத் தாளில் இன்னும் ஒன்றாக இருக்கிறது.

எல்லோரும் அதில் சர்வே எண்ணைப் பார்ப்பார்கள். நான் சக்குபந்தியைத் தேடுவேன். ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, தெருவுக்குத் தெற்கு, செக்கடிக்குக் கிழக்கு’ என்று நாலு எல்லையும் சொல்லும் இடம் அது. ஒரு வீட்டை விற்கத்தான் எழுதினார்கள், ஆனால் அக்கம்பக்கத்தார் பேரும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பத்திரமும் கிடைத்தால் அதற்கு அடுத்த வீடு தெரியும். போன வருஷம் ஒரே தெருவின் ஏழு பத்திரங்கள் சேர்ந்தன. பிள்ளையின் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு பேராக நிரப்பினேன். செக்கு, கொல்லுப்பட்டறை, மாட்டுக் கொட்டில், ஒரு விதவை அம்மாள் தனியாக இருந்த ஓட்டு வீடு என்று 1940-களின் தெரு அப்படியே வந்து நின்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

1690-ல் எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பேரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது. யோசித்தால் அதுவும் ஒரு சக்குபந்திதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் தாள்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் செக்கடியின் தாள் டிரங்குப் பெட்டியில் ராமபாணப் பூச்சியோடு இருக்கிறது.

அதனால்தான் இப்போது கேட்டுவிடுகிறேன். “அம்மா, இதுல ஒரு காப்பி நான் வெச்சுக்கட்டுமா? நம்ம தெருவைப் பத்தி எழுதத்தான்.” சிலர் முகம் சுளிப்பார்கள். சொத்து விஷயம், பயம் இருக்கத்தானே செய்யும். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். சரி என்றவர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி, நான். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் உட்காருவோம்.

பழைய தாளை, தானாக உள்ளே இழுக்கும் ஃபீடரில் விடவே மாட்டேன், மடிப்பில் கிழிந்துவிடும். கண்ணாடி மேல் வைத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல் தாளைத் தாங்கிப் பிடித்துக் கழற்றுவோம். செலோடேப் கூடாது, பசை ஊறித் தாள் பழுப்பாகிவிடும். லேமினேஷன் செய்து தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். மெஷின் என் கடையிலேயே இருக்கிறது, ஆனாலும் பழைய பத்திரத்துக்குச் செய்ய மாட்டேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்கவே முடியாது.

எங்கள் ஊருக்கு எதிரி பூச்சி மட்டும் இல்லை. 2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். வெள்ளம் வடிந்த வாரம் ஒரு அக்கா, செங்கல் மாதிரி ஒட்டிப்போன போட்டோக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ந்தே போயிருந்தது. பிரித்தபோது முகங்கள் உரிந்து பின்பக்கத்தோடு போய்விட்டன. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் போட்டு, மெல்லப் பிரித்து, நிழலில் ஒவ்வொன்றாகக் காய வைத்திருக்கலாம். எனக்கு அன்று அது தெரியாது. தெரியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927-ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அவர் பேர் வரலாற்றில் இருக்கிறது. அவரோடு கொடி பிடித்து நடந்த எங்கள் தெருப் பெண்கள் யார்? ஏதாவது ஒரு பெட்டியில் ஒரு தாள் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு வாரம் முன்பு குமாஸ்தா சார் ஒரு போட்டோ கொண்டு வந்தார். மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள் முன்னால் நாலு ஆட்கள். அந்தக் காலத்தில் இங்கே கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நிற்கும். தோணியில்தான் சரக்கு போகும். தோணிக்கு மூட்டை ஏற்றியவர்கள்தான் இவர்கள். பின்பக்கம் வெறுமை, ஒரு பேரும் இல்லை.

கடைக்கு வந்த ஒரு பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது ஆளின் கையிலிருந்த மூட்டைக் கொக்கியைப் பார்த்தார்.

“கைப்பிடியில செப்புக் கம்பி சுத்தியிருக்கு பாரும்மா. எங்க அப்பா சுத்துனது. மரம் விண்டுபோச்சு.”

அப்பாவின் பேரைச் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. கணக்கு நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். மூன்றாவது பத்திரத்தின் சக்குபந்தியில், கிழக்கு எல்லையில், அதே பேர்.

“அந்த வீட்டை வித்து அம்பது வருஷம் மேல ஆவுது” என்றார். விரலை அந்தக் கட்டத்திலிருந்து எடுக்கவில்லை. அப்புறம், “மத்த மூணு பேர் யாருன்னு எங்க அக்காவுக்குத் தெரியும். புதுப்பாளையத்துல இருக்குது. கண்ணுதான் சரியாத் தெரியாது” என்றார்.

போட்டோவை ஏ3 தாளில் பெரிதாக்கி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு காலை புதுப்பாளையம் போகிறோம்.