தீபாவளிக் கூட்டமும் ஒரு ஸ்டூலும்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தால் மழையும் கூட்டமும் சேர்ந்தே வரும். போனஸ் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெருவில் நாமாக நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டுவிடும். உள்ளே ஈரக்குடை, அழுகிற குழந்தை, "அக்கா, அந்த மயில்கழுத்துக் கலரை எடுங்க" என்று ஒரே நேரத்தில் நாலு குரல்.

இதில் எப்படிக்கா பதறாமல் இருக்கிறீங்க என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்பார்கள். எனக்குக் கைகொடுப்பது மடிப்புதான். ஐந்தரை மீட்டர் புடவை, பிளவுஸ் துணியோடு ஆறு மீட்டரைத் தாண்டும், அதை பார்டரோடு பார்டர் சேர்த்து, முந்தானை மேலே தெரிகிற மாதிரி மடித்து முடிக்கிற வரைக்கும் அடுத்ததை நான் தொடுவதில்லை. "ஒரு நிமிஷம்மா, இதை மடிச்சிட்டு வரேன்" என்றால் பெரும்பாலும் யாரும் கோபிப்பதில்லை, எதிரே நிற்கிறவர்களும் அந்த நேரத்தில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறார்கள். பிரித்ததைப் பிரித்தபடி போட்டுவிட்டு ஓடினால்தான் கவுண்டரில் துணி குவிந்து, அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு படபடக்கும்.

இன்னொன்று, எவ்வளவுக்குள் பார்க்கிறீங்க என்று முதலிலேயே மெதுவாகக் கேட்டுவிடுவேன். தலைதீபாவளிக்கு மகளுக்கு எடுக்க வந்த அம்மா, எட்டாயிரம் ரூபாய்ப் பட்டைப் பிரித்துக் காட்டிய பிறகு விலையைக் கேட்டு முகம் வாடி நிற்பது பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்காமல் இருந்தாலே எனக்கும் அன்றைய பொழுது லேசாகப் போகும்.

ஆனால் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாயங்காலத்துக்குள் கால் வீங்கி, குதிகால் தரையில் பட்டாலே சுரீர் என்கிறவளிடம் நிதானத்தை எப்படி எதிர்பார்ப்பது? கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காருகிற உரிமைக்காகப் போராடினார்கள், 2018-ல் கேரளாவில் சட்டம் திருத்தப்பட்டது. நம்மூரிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கவேண்டும் என்கிறது அது. எங்கள் செக்‌ஷனிலும் ஸ்டூல் வந்தது. ஒரு குடும்பம் பில் போடப் போய் அடுத்த குடும்பம் வருவதற்குள் உட்கார்ந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து எழுந்தால், குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் இடம் போதவில்லை என்று அந்த ஸ்டூல்களை குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்கு அப்படிச் செய்யாதீங்க சார் என்று நாங்கள் எல்லோருமாகப் போய் சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லியிருக்கிறோம். சரி என்றிருக்கிறார்.