சாவி சரியாக இருந்தும் சர்வர் மறுப்பது ஏன்?

தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறையில், கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக் கோப்பைக் கொண்டு நுழைய முயலும்போது ‘பெர்மிஷன் டினைடு’ (அனுமதி மறுப்பு) என்ற ஒற்றை வரி வந்து நின்றால், பலரும் உடனே புதிய சாவி ஒன்றை உருவாக்குகிறார்கள். இல்லையெனில் கோப்புகளின் அனுமதிகளை எல்லாம் 777 என்று, அதாவது எவரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் முடியும்படி, திறந்துவிடுகிறார்கள். இரண்டையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். முதலாவது, கையில் இருக்கும் தடயத்தைக் கலைத்துவிடுகிறது. இரண்டாவது, சரியாக வேலை செய்துகொண்டிருந்த நுழைவையும் கெடுத்துவிடக்கூடியது.

அந்த ஒற்றை வரி வேண்டுமென்றே சுருக்கமாக வைக்கப்பட்டது. அப்படி ஒரு பயனர் இல்லையா, சாவி பொருந்தவில்லையா, கோப்பின் அனுமதி தவறா என்பதை வெளியிலிருந்து கதவைத் தட்டும் எவருக்கும் சர்வர் சொல்லிவிட்டால், அது ஊடுருவ முயல்பவருக்கே பயன்படும். எனவே உண்மையான காரணம் நம் திரையில் வருவதில்லை. சர்வரின் பதிவேட்டில்தான் எழுதப்படுகிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அது வழக்கமாக ‘ஆத் டாட் லாக்’ என்ற கோப்பிலும், ரெட் ஹேட் குடும்பத்தில் ‘செக்யூர்’ என்ற கோப்பிலும் இருக்கும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் அதன் ஜர்னல் என்ற பதிவேட்டிலும் தேடலாம். உள்ளே செல்ல வேறு வழியே இல்லையென்றால், கிளவுட் நிறுவனங்கள் இணையப் பக்கத்தின் வழியே தரும் கன்சோலைத் திறந்தேனும் அந்தப் பதிவேட்டைப் படிப்பது, நம் பக்கத்தில் நெடுநேரம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட மேலானது.

நம் பக்கத்திலிருந்து அறியக்கூடியவையும் சில உண்டு. எஸ்எஸ்எச் கட்டளையோடு சிறிய ‘வி’ எழுத்தைச் சேர்த்து இயக்கினால், இணைப்பின் ஒவ்வொரு படியும் திரையில் விரியும். 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4252 என்ற இணையத் தர ஆவணம் விவரிக்கும் முறைப்படி, சாவி வழி நுழைவு பெரும்பாலும் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. சாவி என்பது சர்வரில் வைக்கப்படும் பொதுச் சாவி, நம்மிடமே இருக்கும் தனிச் சாவி என்ற இணை. முதலில் நம் கணினி பொதுச் சாவியை மட்டும் காட்டி, இதை ஏற்பீர்களா என்று கேட்கிறது. சர்வர் ஏற்பதாகச் சொன்ன பிறகே தனிச் சாவியைக் கொண்டு கையொப்பமிட்டு அனுப்புகிறது. ஆகவே விரிவான வெளியீட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: நாம் நினைத்த சாவி காட்டப்பட்டதா, சர்வர் அதை ஏற்பதாகச் சொன்னதா, அதன்பின் கையொப்பம் தேறியதா? சாவி காட்டப்படவே இல்லையென்றால் குறை நம் கணினியில் இருக்கிறது. காட்டியும் ஏற்கப்படவில்லையென்றால் பெரும்பாலும் சர்வரில் இருக்கிறது. ஏற்றபின் தவறினால், தனிச் சாவியின் அருகில் உள்ள பொதுச் சாவிக் கோப்பு வேறொரு சாவிக்கு உரியதாக இருக்கலாம். சாவிகளை உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென் கருவியால் தனிச் சாவியிலிருந்தே பொதுச் சாவியை வருவித்து ஒப்பிட்டால் அது தெளிவாகிவிடும்.

சர்வரின் பக்கத்தில் அடிக்கடி காணப்படும் காரணம், அடைவின் (ஃபோல்டரின்) உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை என்பது. ஏற்கப்படும் பொதுச் சாவிகளைக் கொண்ட ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்புக்கு 600, அது இருக்கும் எஸ்எஸ்எச் அடைவுக்கு 700 என்று, உரிமையாளர் மட்டுமே அணுகும்படி வைக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவார்கள்; பயனருக்கு உரிய ஹோம் அடைவையும் சர்வர் சோதிக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஹோம் அடைவில் பிறர் எழுத முடியுமானால், உள்ளே இருக்கும் எஸ்எஸ்எச் அடைவையே அவர்கள் பெயர் மாற்றிவிட்டுத் தங்கள் சாவியுடன் புதிய ஒன்றை வைத்துவிடலாம் அல்லவா? அதனால்தான் 777 என்று திறந்துவிட்ட இடத்தில் சர்வர் சாவியை நம்ப மறுக்கிறது. இந்தச் சோதனையை நிறுத்திவிடும் அமைவு ஒன்றும் உண்டு. ஆனால் காரணம் புரிந்தபின் அதை நிறுத்த எவருக்கும் மனம் வராது என்றே நம்புகிறேன்.

உரிமையாளர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக இருந்துகொண்டு மற்றொருவருக்காக அந்தக் கோப்பை உருவாக்கி 600 என்று வைத்தால், உரிமையாளர் ரூட்டாகவே இருந்துவிடுகிறார். சர்வரோ நுழைய விரும்பும் பயனரின் உரிமையோடுதான் கோப்பைத் திறக்கிறது. எனவே அதைப் படிக்கவே முடிவதில்லை. அனுமதிகளைப் பட்டியலிடும்போது எண்களை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்க்காமல் விடுவதால் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அனுமதியும் உரிமையாளரும் சரியாக இருந்தும் ரெட் ஹேட் குடும்பக் கணினி மறுத்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு கோப்புக்கு இடும் அடையாளம் தவறியிருக்கலாம். வேறிடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்த கோப்புகளில் இது நேரும், ரீஸ்டோர்கான் கட்டளை அதைச் சரிசெய்யும்.

நம் கணினியிலும் தனிச் சாவியைப் பிறர் படிக்கலாம் என்ற நிலை இருந்தால், எஸ்எஸ்எச் எச்சரித்துவிட்டு அந்தச் சாவியைப் புறக்கணிக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் பயன்படுத்துவோர் சாவியை சி டிரைவிலேயே வைத்திருந்தால், இயல்பான அமைப்பில் அனுமதியை மாற்றும் கட்டளை அங்கே பலிப்பதில்லை. சாவியை லினக்ஸ் ஹோம் அடைவுக்குள் கொண்டுவருவதே எளிய வழி. புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளோடு வரும் சாவி உருவாக்கும் கருவியான புட்டிஜென் சேமித்துத் தரும் பொதுச் சாவிக் கோப்பு பல வரிகளாக இருப்பதால், அதை அப்படியே சர்வரில் ஒட்டினால் பயன் இல்லை; அந்தக் கருவியின் சாளரத்தில் தெரியும் ஒற்றை வரியைத்தான் நகலெடுக்க வேண்டும்.

சாவியும் அனுமதியும் எதுவும் மாறாமலே, சர்வரை மேம்படுத்திய மறுநாள் நுழைவு நின்றுபோகும் நிகழ்வு பலரைத் திகைக்க வைத்தது. பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் 2021 செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பு, ஷா-1 என்ற பழைய ஹாஷ் (தரவைச் சுருக்கிக் குறிக்கும் கணக்கீடு) கொண்டு, ஆர்எஸ்ஏ என்ற சாவி வகையால் இடப்படும் கையொப்பங்களை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது, உபுண்டு 22.04 அதற்கு அடுத்த 8.9 பதிப்போடு வந்தது. ஷா-1 மீதான ஒருவகைத் தாக்குதலை 50,000 டாலருக்கும் குறைவான செலவில் நடத்த முடியும் என்பதையே ஓபன்எஸ்எஸ்எச் குழு காரணமாகக் காட்டியது. இங்கே பரவலான தவறான புரிதல் ஒன்றைத் திருத்தியாக வேண்டும்: ஆர்எஸ்ஏ சாவிகள் செல்லாமல் போகவில்லை. 2016இல் வந்த 7.2 பதிப்பு முதலே அதே சாவியைக் கொண்டு, ஷா-1ஐவிட வலுவான ஷா-2 ஹாஷுடன் கையொப்பமிட ஓபன்எஸ்எஸ்எச் அறியும். இரு பக்கங்களில் ஒன்று பழையதாக இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது; 0.75க்கு முந்தைய புட்டி பதிப்புகளும், நிரல்களுக்குள் புதைந்து கிடக்கும் பழைய எஸ்எஸ்எச் நூலகங்களும் இதற்கு உதாரணம். அந்த மென்பொருளைப் புதுப்பிப்பதே சரியான தீர்வு. முடியாத இடத்தில், இரு பக்கமும் அறிந்திருந்தால், ஈடி25519 என்ற வேறு வகைச் சாவிக்கு மாறலாம். பழைய கையொப்ப முறையை மீண்டும் அனுமதித்தே தீர வேண்டுமென்றால், அந்த ஒரு சர்வருக்கு மட்டும், அதுவும் தற்காலிகமாக அனுமதியுங்கள்.

சாவிகள் பல சேர்ந்துவிட்டவர்களுக்கு வேறொரு தொல்லை நேர்கிறது. சாவிகளை நினைவில் வைத்திருந்து நமக்காகக் காட்டும் ஏஜென்ட் என்ற நிரல் தன்னிடம் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போக, சர்வர் இயல்பாக அனுமதிக்கும் 6 முயற்சிகள் சரியான சாவியின் முறை வருவதற்குள் தீர்ந்துவிடும். குறிப்பிட்ட சாவியை மட்டும் காட்டச் சொல்லும் ‘ஐடென்டிட்டீஸ் ஒன்லி’ அமைவு இதற்கென்றே இருக்கிறது. பயனர் பெயரையும் ஒருமுறை பாருங்கள். அமேசான் கிளவுடில் உபுண்டுவுக்கு ‘உபுண்டு’, அமேசான் லினக்ஸுக்கு ‘ஈசி2-யூசர்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

சர்வரின் எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பை மாற்றியும் பயன் தெரியாதபோது, அதன் தொடக்கத்தில் வேறு கோப்புகள் இணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரே அமைவு இரண்டு இடங்களில் இருந்தால் முதலில் படிக்கப்படுவதே செல்லும் என்பதால், கிளவுட் நிறுவனம் வைத்த துணைக்கோப்பு நாம் கீழே எழுதியதை வென்றுவிடும். சர்வரில் இயங்கும் எஸ்எஸ்எச் நிரலான எஸ்எஸ்எச்டியைப் பெரிய ‘டி’ எழுத்துடன் இயக்கினால், உண்மையில் நடைமுறையில் உள்ள மதிப்புகள் அனைத்தும் தெரியும். சிறிய ‘டி’ எழுத்து, கோப்பில் பிழை உள்ளதா என்று மட்டும் சோதித்துச் சொல்லும்.

அந்தச் சோதனை முடியாமல் சேவையை மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு முனையத்திலிருந்து புதிதாக நுழைந்து பாருங்கள். அது தேறிய பிறகு, சோதனைக்காகத் திறந்துவைத்த கடவுச்சொல் நுழைவையும் தளர்த்திய அனுமதிகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, மீண்டும் ஒருமுறை புதிதாக நுழைந்து பார்த்தபின் முதல் இணைப்பை மூடுங்கள்.