எதை இழந்தால் அடங்கும்?

ஜூன் 9, 2025
அடுத்த வாரம் முதுகலை மாணவர்களுக்குப் பிளேக் பாடம். பிளேக் கிருமியான எர்சினியா பெஸ்டிஸின் திரிபுகள் மரபணு வரிசையில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. இருந்தும் ஒன்று ஊரையே காலி செய்கிறது. உள்மங்கோலியாவின் புல்வெளி எலிகளிடம் வாழும் மைக்ரோடஸ் வகையோ சுண்டெலியைக் கொல்லும், மனிதரை விட்டுவிடும். கிருமி எதை இழந்தால் அடங்கும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே பாடத்தை நடத்திவிடலாம்.

ஜூன் 10
பிஎல்ஏ புரதம். கிருமியின் மூன்று பிளாஸ்மிட்களில், அதாவது தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையங்களில், ஆகச் சிறியதில் இதன் மரபணு இருக்கிறது. ரத்த உறைவைக் கரைத்துக் கிருமிக்கு வழிவிடும். நுரையீரல் பிளேக்குக்கு இந்தப் புரதத்தின் பழைய வடிவமே போதும். 259ஆம் இடத்தில் ஐசோலூசின் போய்த் திரியோனின் வந்த பிறகுதான், தோலில் புகுந்த கிருமி உடலுக்குள் ஆழமாகப் பரவியது. ஒரே ஒரு அமினோ அமிலம்!

ஜூன் 12
இன்று முழுக்க 2009 சிகாகோ சம்பவம்தான். ஆய்வகத்தில் வைத்திருந்த கிம் டி27 திரிபில் பிஜிஎம் என்ற பகுதி, டிஎன்ஏவில் சுமார் 1,02,000 கார இணைகள் (எழுத்து ஜோடிகள்) நீளமுள்ளது, அறவே கிடையாது. நம் உடலின் இரும்பைப் பறிக்க உதவும் எர்சினியாபாக்டினுக்கான மரபணுக்கள் அந்தப் பகுதியில்தான் உள்ளன. இரும்பில்லாமல் கிருமி பெருகாது. மடகாஸ்கரில் ஜிரார்டும் ரோபிக்கும் உருவாக்கிய இ.வி. 76 என்ற உயிர்த்தடுப்பூசியிலும் (வீரியம் குறைந்த உயிருள்ள கிருமியே தடுப்பூசி) இதே பகுதி இல்லை. லட்சக்கணக்கானோருக்கு அதைப் போட்டிருக்கிறார்கள். ஆபத்தான கிருமிகளுக்கான அமெரிக்காவின் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இத்தகைய திரிபுகளுக்கு விலக்கு.

ஆனால் கிம் டி27இல் வேலை செய்த 60 வயது ஆய்வாளர் செப்டம்பர் 13 அன்று இறந்தார். அவர் ரத்தத்தில் வளர்ந்தது அதே திரிபு. பிரேதப் பரிசோதனையில் ஹீமோகுரோமடோசிஸ் தெரியவந்தது: உடலில் இரும்பு தேங்கும் பரம்பரை நோய். கிருமியால் பறிக்க முடியாத இரும்பு அங்கே தாராளமாகக் கிடைத்திருக்கலாம் என்பது விசாரித்தவர்களின் ஊகம். புட்டியில் ‘வீரியம் இழந்தது’ என்று எழுதி ஒட்டும்போது யாருடைய உடம்பை மனதில் வைத்து எழுதுகிறோம்? மாணவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

ஜூன் 13
எஃப்1 ஆன்டிஜென்: கிருமியின் மேல் உறையாகப் படியும் புரதம். பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிக்குள் இருக்கும்போது இந்த உறை உருவாகாது. நம் உடலின் 37 டிகிரி சூட்டில்தான் கிருமி இதைப் போர்த்திக்கொள்ளும். வெள்ளணுக்களால் எளிதில் விழுங்க முடியாது. மடகாஸ்கரில் பிளேக்கா என்று 15 நிமிடத்தில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனை தேடுவதும் இதைத்தான்.

இது போனால் கிருமி அடங்கிவிடும் என்றுதானே தோன்றும்? இல்லை. உறையற்ற திரிபுகளும் சுண்டெலிகளைக் கொல்கின்றன. பட்டைச் சோதனையில் அகப்படாது. எஃப்1 மட்டும் கொண்ட தடுப்பூசிக்கும் மசியாது. கிருமியின் இன்னொரு புரதமான வி ஆன்டிஜென் சங்கதி வேறு. நம் செல்லுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்தும் ஊசியின் நுனி அது. அதை இழந்த திரிபால் நோயை உண்டாக்க முடிவதில்லை. எஃப்1உடன் வி-யையும் சேர்த்துத் தடுப்பூசி செய்வது அதனால்தான்.