எடிட்டிங் கணினிக்குப் பாகம் பொறுக்கும் நாட்குறிப்பு

செப்டம்பர் 1

வேலை: 4கே வீடியோ எடிட்டிங். கேமரா பதிவது எச்.265 (படத்தைச் சுருக்கும் முறை), 10 பிட் நிற ஆழம், 4:2:2 (நிற விவரத்தின் அளவு), விநாடிக்கு 200 மெகாபிட். எந்தப் பாகத்தையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். "எடிட்டிங்குக்கு நல்ல கணினி" என்று மட்டும் சொன்னால் யாராலும் சரியாகத் தேர்ந்து தர முடியாது.

கணக்கு: 200 மெகாபிட் என்றால் விநாடிக்கு 25 மெகாபைட். ஒரு மணி நேரக் காட்சிக்கு 90 ஜிபி. நான்கு கேமரா காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 100 மெகாபைட்தான். பழைய சாட்டா (டிஸ்க் இணைப்பு வகை) எஸ்எஸ்டியே விநாடிக்கு 550 மெகாபைட் வரை தரும். ஆக, டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால் குற்றவாளி டிஸ்க் அல்ல. சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் டிகோடர்தான். பலரும் அதிவேக எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுவிட்டு, திக்கல் போகவில்லையே என்று தவிப்பது இந்த இடத்தில்தான்.

செப்டம்பர் 2

4:2:2 என்ற மூன்று எண்கள்தான் இன்றைய முழு நாளையும் எடுத்துக்கொண்டன. 4:2:0 படத்தை விரிக்கும் வன்பொருள் ஏறக்குறைய எல்லா கிராபிக்ஸ் கார்டிலும் உண்டு. நிற விவரம் அதைவிட இருமடங்கு இருக்கும் 4:2:2-வுக்கு அப்படி இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசசரோடு வரும் கிராபிக்ஸ் எச்.265 4:2:2-வை விரிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. 40 வரிசையில் இல்லை. அதாவது விலை உயர்ந்த 4090 கூட இந்தக் காட்சியை ப்ராசசரின் தலையில் கட்டிவிடும்.

இரண்டு வழிகள். ஒன்று, உள்ளே கிராபிக்ஸ் உள்ள இன்டெல். இங்கே ஒரு எச்சரிக்கை: பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்தக் கிராபிக்ஸ் கிடையாது, அதோடு டிகோடரும் போச்சு. இன்னொன்று, விருப்பமான ப்ராசசரோடு 50 வரிசைக் கார்டு. கலர் கிரேடிங்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் கார்டின் நினைவகத்தைத் தின்னும் வேலைகள் என்பதால் எப்படியும் 16 ஜிபி கார்டு தேவை. ஆகவே இரண்டாவது வழி: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ (16 ஜிபி, 300 வாட்), ஏஎம்டியின் ரைசன் 9 9900எக்ஸ் ப்ராசசர் (12 கோர்).

இத்தோடு முடியவில்லை. வன்பொருளில் டிகோடர் இருந்தாலும், எடிட்டிங் மென்பொருளின் அந்தப் பதிப்பு அதைப் பயன்படுத்த வேண்டும். கையில் உள்ள பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து 4:2:2 என்று தேடிப் பார்த்துவிட்டே கார்டை உறுதி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 4

மதர்போர்டு. அட்டைப்பெட்டியில் "4 எம்.2 ஸ்லாட், 4 சாட்டா போர்ட்" என்று பெரிதாக இருக்கும்; எம்.2 என்பது மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடியுமா என்பது கையேட்டில், பொடி எழுத்தில், நட்சத்திரக் குறிக்குக் கீழே இருக்கும். பிடிஎஃப்-ஐ இறக்கி, "பகிர்வு", "முடக்கப்படும்" என்ற பொருளில் வரும் வரிகளை எல்லாம் தேடிப் படித்தாயிற்று. இன்று பார்த்த மூன்று போர்டுகளில் ஒன்றில், மூன்றாவது எம்.2-வில் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா போர்ட் செத்துவிடும். இன்னொன்றில் இரண்டாவது எம்.2-வை நிரப்பினால் கார்டு ஸ்லாட் 16 லேனிலிருந்து (தரவு போகும் தடங்கள்) 8-க்கு இறங்கும்.

காரணம் எளிது. ஏஎம்5 (இந்த ரைசனின் சாக்கெட்) ப்ராசசரில் நேரடியாகக் கைக்கு வருவது 24 பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் பேசும் இணைப்பு) லேன்கள். கார்டுக்கு 16, முதல் எம்.2-வுக்கு 4, மிச்சம் 4. அந்த மிச்ச நாலை எங்கே கொடுப்பது என்பதில்தான் போர்டுக்குப் போர்டு வித்தியாசம். எக்ஸ்870 சிப்செட் (போர்டின் துணைச் சிப்) உள்ள போர்டுகளில் யுஎஸ்பி4 (அதிவேக யுஎஸ்பி) கட்டாயம் என்பதால், பல போர்டுகளில் அந்த நாலை யுஎஸ்பி4 கன்ட்ரோலரும் இரண்டாவது எம்.2-வும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்த வேலைக்கு யுஎஸ்பி4 வேண்டாம். பி850 சிப்செட் போதும், இரண்டாவது எம்.2 எதையும் பறிக்காமல் நேரடியாக ப்ராசசரிலிருந்து வரும் போர்டே தேர்வு.

மற்ற ஸ்லாட்டுகள் எல்லாம் சிப்செட் வழியாக வருபவை. சிப்செட்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவே இருப்பது பிசிஐஇ 4.0-வின் 4 லேன், விநாடிக்குச் சுமார் 8 ஜிபி. நெட்வொர்க், பல யுஎஸ்பி போர்ட்டுகள், சாட்டா எல்லாம் அந்த ஒரே பாலத்தைத்தான் கடக்க வேண்டும். ஆவணக் கிடங்குக்கு அது தாராளம். வேலை நடக்கும் டிஸ்கை அங்கே வைக்கக் கூடாது.

செப்டம்பர் 5

சிறு குறிப்பு. ப்ராசசரைவிட போர்டு முன்னதாகத் தயாராகியிருந்தால், உள்ளே இருக்கும் பயாஸுக்கு (போர்டின் தொடக்க மென்பொருள்) அந்த ப்ராசசரை அடையாளம் தெரியாது. திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுதான் பாதுகாப்பு. 24 பின், 8 பின் மின் கேபிள் இரண்டையும் மாட்டி, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் கோப்பைப் போட்டு, பொத்தானை அழுத்தினால் ப்ராசசர் இல்லாமலே பயாஸ் மாறும். விளக்கு கண்சிமிட்டி ஓயும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

செப்டம்பர் 7

ரேம். 64 ஜிபி வேண்டும். 4×16 அல்ல, 2×32. நான்கு ஸ்லாட் இருக்கிறதே, நிரப்பிவிடலாமே என்று தோன்றும். 9000 வரிசை ரைசனுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5600, நான்குக்கு 3600. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் யார் மேலும் குறை சொல்ல முடியாது. "இப்போது 32, பிறகு இன்னொரு 32" என்ற திட்டமும் இதே குழியில்தான் விழும். தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகள், ஒரே பெயர் போட்டிருந்தாலும், உள்ளே வேறு வேறு சிப்போடு வரலாம்.

வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சிஎல் எண்ணை (ரேம் பதில் தரும்வரை காத்திருக்கும் சுழற்சிகள்) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நேனோ விநாடியில் வரும். 6000 சிஎல்30: 10. 6400 சிஎல்40: 12.5. வேகம் கூடிய குச்சிக்குத்தான் தாமதமும் கூட. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-உம் அதே 10தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்வு: 6000 சிஎல்30, எக்ஸ்போ (ரேமை விளம்பர வேகத்துக்கு ஏற்றும் ஏஎம்டி அமைப்பு) ஆதரவோடு, போர்டின் ஆதரவுப் பட்டியலில் பாக எண் உள்ள ஜோடி. மாட்ட வேண்டிய இடம் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்.

செப்டம்பர் 8

எஸ்எஸ்டி இரண்டு: இயங்குதளத்துக்கு 1 டிபி, நடப்பு வேலைக்கு 4 டிபி. பிசிஐஇ 5.0 வேண்டாம்; 25 மெகாபைட் கணக்கை மறக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது டிஎல்சியா (ஒரு செல்லில் மூன்று பிட்) கியூஎல்சியா (நான்கு பிட்) என்பதை. கியூஎல்சி டிஸ்க் முதலில் எஸ்எல்சி கேஷில் (செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் தற்காலிகப் பகுதி) வேகமாக எழுதும். அது நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். ஒரு நாள் படப்பிடிப்பின் 500 ஜிபியை ஒரே மூச்சில் இறக்கும்போதுதான் அது தெரியும், விளம்பரத்தின் 7000 மெகாபைட்டில் தெரியாது. ஆகவே டிஎல்சி, தனி டிராம் (டிஸ்கின் சொந்தச் சிறு நினைவகம்) உள்ளது.

பழைய காட்சிகளைச் சேமிக்க ஹார்டு டிஸ்க். சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாத பதிவு முறை) என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். தடங்கள் படியும் எஸ்எம்ஆரில் நீண்ட நேரம் எழுதினால் நடுவே திணறும்.

செப்டம்பர் 10

எஸ்எம்பிஎஸ் (மின் வழங்கி). 9900எக்ஸின் பெயரில் 120 வாட் என்றிருந்தாலும் சாக்கெட் வழியே அது எடுக்கும் உச்சம் 162. கார்டு 300. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 70 வைத்தால் மொத்தம் 532. கார்டு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் தன் அளவைத் தாண்டி இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைக் கோளாறு என்று நினைத்து மொத்தக் கணினியையும் அணைத்துவிடும். என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 750. தேர்வு: ஏடிஎக்ஸ் 3.1 (அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும் தரம்), 850 வாட், 12வி-2×6 (கார்டுக்கான 16 பின் முனை) கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸோடே வருவது.

அந்த 16 பின் முனையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 300 வாட் என்றால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர், ஆறு பின்களில் பங்கு போட்டு ஓடுகிறது. முனை முழுதாக உள்ளே போகாவிட்டால் சில பின்கள் மட்டும் சரியாகத் தொடும், சுமை அவற்றின் மேல் ஏறும், பிளாஸ்டிக் உருகும். 12வி-2×6-இல் உணர் பின்களை (கார்டுக்குச் சமிக்ஞை தரும் சிறு பின்கள்) குட்டையாக்கியதே இதற்காக: சரியாக அமராவிட்டால் கார்டு உயிர் பெறாது. இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கோடு போல இடைவெளி தெரிந்தால் இன்னும் அழுத்த வேண்டும். முனையிலிருந்து சுமார் 35 மி.மீ. நேராக விட்ட பிறகே கேபிளை வளைக்கலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிள் வீட்டில் கிடக்கிறதே என்று புதியதில் செருகவே கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லோருக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. வரிசை மாறியிருந்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் அந்த நொடியே போய்விடும், உள்ளிருக்கும் காட்சிகளோடு.

செப்டம்பர் 11

கேபினெட்டும் கூலரும் ஒன்றாகத்தான் தேர வேண்டும். இரட்டைக் கோபுர ஏர் கூலரின் உயரம் 158 மி.மீ., கேபினெட் அனுமதிப்பது 165. சரி என்று தோன்றும். ஆனால் விளக்கு வைத்த ரேம் 44 மி.மீ. உயரம், அது இடித்தால் முன் ஃபேனை மேலே தூக்கி மாட்ட நேரும், மொத்த உயரமும் அந்த அளவுக்கு ஏறும். விளக்கில்லாத, 34 மி.மீ. ரேம் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும்.

மறந்துபோவது ஒன்று: கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி-சிக்குப் போர்டில் தனி ஹெட்டர் (கேபிள் செருகும் முனை) வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துளை வெறும் அலங்காரம்.

ஏஎம்5-இன் பின்தகடு சாக்கெட்டைப் பிடித்திருப்பது, கழற்றக் கூடாது. சொந்தப் பின்தகடு கேட்கும் பழைய கூலர்கள் அதனால் இங்கே பொருந்தா.

செப்டம்பர் 14

பாகங்கள் வந்தன. கேபினெட்டில் ஏற்றும் முன், போர்டின் அட்டைப்பெட்டி மேலேயே ப்ராசசர், ரேம், கூலர் மட்டும் மாட்டி ஓட்டியாயிற்று. 9900எக்ஸில் சிறிய உள் கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு இல்லாமலே திரை வரும். கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க இது பெரிய உதவி. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று இரண்டாம் முறை பார்க்கவும்.

முதல் ஸ்விட்ச்சில் திரை கறுப்பாகப் பல நிமிடம் நிற்கும். டிடிஆர்5 ரேமைப் போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. போர்டில் உள்ள 'டிராம்' (ரேமைக் குறிக்கும்) விளக்கு எரிந்தாலும் பத்து நிமிடம் பொறுத்திருந்து பிறகு கை வைக்கலாம்.

செப்டம்பர் 15

எக்ஸ்போவை இயக்காத நிலையில் ரேம் சோதனை ஒரு சுற்று, இயக்கிய பிறகு நான்கு சுற்று. ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்; வேகத்தை 5600-க்கு இறக்கி மறுபடி சோதிக்க வேண்டும், அங்கும் வந்தால் குச்சியைத் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கே பிழை வரவில்லை. முழுச் சுமையில் ப்ராசசர் 82 டிகிரி. 95 வரை அதற்கு அனுமதி உண்டு.

நான்கு 4:2:2 காட்சிகளை டைம்லைனில் அடுக்கி ஓட்டியபோது டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டிகோட்' கோடு ஏறியது, ப்ராசசர் கோடு கீழேயே கிடந்தது. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி, பயாஸ் பதிப்பு எண் எழுதிய தாள், மிச்ச மாடுலர் கேபிள்கள் மூன்றும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் போயின. மூடி இல்லாமல் போர்டை வாரண்டிக்கு அனுப்பினால் வாங்க மறுக்கக்கூடும்.