ஹாம் உரிமம்: தேர்வு முதல் கால் சைன் வரை, தருமபுரி – கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்துப் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தேர்வில் தேறினால் கிடைப்பது ஏஎஸ்ஓசி எனும் அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ். நிலையத்தை இயக்க இவருக்குத் தெரியும் என்று ஆளுக்குக் கொடுப்பது அது. அதை வைத்துத் தனியாக விண்ணப்பித்தால் வருவது உரிமம். இந்த முகவரியில் நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். நிலையத்தின் அழைப்புப் பெயரான கால் சைன் உரிமத்தோடுதான் வரும், சான்றிதழோடு அல்ல. தேறிய கையோடு ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கி பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினால், அது உரிமமில்லாத ஒலிபரப்பு. இடைப்பட்ட மாதங்களில் இணையத்தில் உள்ள வெப்எஸ்டிஆர் ரிசீவர்களில் காதைப் பழக்குங்கள். அந்தப் பழக்கம் பின்னால் நிறைய உதவும்.

நிலைகள் இப்போது இரண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். 12 வயது நிரம்பியிருந்தால் இரண்டுக்கும் எழுதலாம். ஜெனரலுக்கு மட்டும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் (புள்ளி, கோடு ஓசைகளாலான குறியீடு) தேர்வு உண்டு. எச்எஃப் (3–30 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைகளில் ரெஸ்ட்ரிக்டடுக்கு 50 வாட், ஜெனரலுக்கு 400 வாட். எட்டு மடங்கு என்றதும் பெரிதாகத் தெரியும். டெசிபெல்லில் அது 9 தான். எதிர்முனை ரிசீவரில் சிக்னல் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் முள் ஒன்றரை யூனிட் கூடுதலாக ஏறும், அவ்வளவே. அதனால் எங்கள் அபிப்பிராயம் இது: மோர்ஸ் வரவில்லையே என்று வருடக்கணக்கில் காத்திருக்காமல் ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிடுங்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 144–146 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் கையடக்க செட் நேர்கோட்டுப் பார்வையை நம்பியே வேலை செய்யும். கிருஷ்ணகிரியில் ஒரு பாறைக்குன்றுக்குப் பின்னால் வீடு இருந்தால் அடுத்த ஊரே கேட்காது. 7 மெகாஹெர்ட்ஸ் அப்படியல்ல. பகலில் அது மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு இறங்கும், மலை குறுக்கே நிற்பதில்லை. ஆன்டெனாவுக்கு வேண்டிய கம்பி நீளம் பார்க்க, 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணான 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர். பக்கத்துக்கு 10 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கம்பி விட்டு, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து வெட்டினால் டைபோல் ஆன்டெனா தயார். தென்னை மரத்தில் இழுத்துக் கட்டிய அந்தக் கம்பியும் 50 வாட்டும் தமிழ்நாட்டுக்குள் பேசத் தாராளம்.

விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில். இங்கே தடுக்குவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால் போயிருக்கும், தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கும். எந்த ஆவணத்தை இணைக்கிறீர்களோ அதில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழில் ஒரு மாதிரியும் உரிமத்தில் வேறு மாதிரியும் பெயர் வந்துவிட்டால் திருத்தி வாங்குவது பெரும்பாடு. கட்டணம் அரசின் கட்டணத் தளமான பாரத்கோஷ் வழியாகப் போகும். பக்கம் பாதியில் நின்றால் உடனே இரண்டாம் முறை கட்டாமல், முதல் பணம் போயிற்றா என்று பாருங்கள். தேர்வை நடத்துவது வயர்லெஸ் கண்காணிப்பு நிலையங்கள். மையம் தேர்ந்தெடுக்கும்போது சென்னையை மட்டும் யோசிக்க வேண்டாம். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர், சென்னை 300-ஐத் தாண்டும்.

வினாத்தாளில் இரண்டு பகுதிகள்: ரேடியோ தொழில்நுட்பம், விதிமுறைகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள் ஓம் விதியிலும் ரெசனன்ஸிலும் வெளுத்துவாங்கிவிட்டு விதிமுறையில் கோட்டைவிடுவது இதனால்தான். க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கக் குறியீடுகள், அலைவரிசை எல்லைகள், செய்யக்கூடாதவை (வியாபாரச் செய்தி, பாட்டு ஒலிபரப்பு, ரகசியக் குறியீட்டில் பேச்சு) எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

மோர்ஸ் பழக வாகன நம்பர் பிளேட் அருமையான பாடம். டி.என்.29 தருமபுரி, டி.என்.24 கிருஷ்ணகிரி, டி.என்.70 ஓசூர். கால் சைன் போலவே எழுத்தும் எண்ணும் கலந்து வரும். பேருந்து நிலையத்தில் நிற்கும்போது வாய்க்குள் அடித்துப் பாருங்கள், கூடவே எழுத்துக்கு ஒரு சொல்லாக 'டாங்கோ நவம்பர் டூ ஃபோர்' என்று சொல்லியும் பழகுங்கள். புள்ளி, கோடு என்று கண்ணால் எண்ணிப் படித்தவர்களுக்கு வேகம் ஏறாது. எழுத்தை ஓசையாகவே பிடிக்க வேண்டும்.

இனி கால் சைன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இந்தியாவுக்கு ஒதுக்கிய தொடர்களில் ஒன்று வி.டி.ஏ முதல் வி.டபிள்யூ.இசட் வரை. நம் வி.யூ அதற்குள் வருவது. பொதுவாக ஜெனரலுக்கு வி.யூ.2, ரெஸ்ட்ரிக்டடுக்கு வி.யூ.3. வி.யூ.4 கேட்டால் அந்தமான் நிக்கோபார், வி.யூ.7 என்றால் லட்சத்தீவு. எண்ணுக்குப் பின் வருவதுதான் உங்களுக்கே உரிய பின்னொட்டு. எஸ்.ஓ.எஸ் போன்ற ஆபத்துக் குறிகளும் க்யூவில் தொடங்கும் குறியீடுகளும் ஆகாது.

பின்னொட்டில் விருப்பம் கேட்கும்போது பெயரின் எழுத்துகளை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். பி, டி, ஈ, வி எல்லாம் இரைச்சலில் ஒரே மாதிரி கேட்கும். மோர்ஸில் (புள்ளி 'டி' அல்லது 'டிட்', கோடு 'டா') வி.யூ.3 'டிடிடிடா டிடிடா டிடிடிடாடா' என்று ஓடும். அதன் பின் ஜே.க்யூ.ஒய் போட்டால், ஈ.ஐ.எஸ் அடிக்க ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆகும். ஆனால் ஈ.ஐ.எஸ் முழுக்க 'டிட்'களே, கோடை இடியின் சடசடப்பில் ஒன்றிரண்டு கரைந்து வேறு எழுத்தாகிவிடும். கே, ஆர், என் போல புள்ளியும் கோடும் கலந்தவை நல்லது. வாயால் சொல்லியும், கையால் அடித்தும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உரிமத்தை 20 ஆண்டுக்கோ ஆயுள் முழுதுக்குமோ எடுக்கலாம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து வாடகை வீடு மாறிக்கொண்டிருப்பவர்கள் சொந்த ஊர் வீட்டு முகவரியில் எடுப்பது நல்லது. நிலையத்தின் இடம் உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் தெரிவித்துப் பதிவை மாற்றிய பிறகே அங்கே ஆன்டெனா ஏற்ற வேண்டும்.